ஜாம் புட்டியில் ஒரு நிலைமின்காட்டி: மின்னூட்டத்தைச் சிந்தாமல் பிடித்துவைக்கும் வழி

தலை வாரிய சீப்பு காகிதத் துணுக்குகளை இழுப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். பலர் தடுக்கி விழுவது அடுத்த படியில். மின்னூட்டம் இருப்பதை இலைகளின் விரிவால் காட்டும் கருவியான நிலைமின்காட்டி ஒன்றைப் பாடப்புத்தகப் படத்தைப் பார்த்துச் செய்வார்கள். சீப்பைக் கிட்டே கொண்டுபோனால் இலை விரியும், எடுத்ததும் தொங்கிவிடும், மின்னூட்டம் அதில் தங்காது. தேய்த்தது போதவில்லை என்று நினைத்து இன்னும் வேகமாகத் தேய்ப்பார்கள். குறை தேய்ப்பில் இல்லை. வந்த மின்னூட்டம் மூடி வழியாகவோ, புட்டியின் மேலுள்ள ஈரப் படலம் வழியாகவோ, தொட்ட விரல் வழியாகவோ ஒழுகிப் போயிருக்கும். ஓட்டைக் குடத்தில் எவ்வளவு ஊற்றினாலும் நிறையாது. ஆகவே ஒவ்வொரு படியிலும் ஓட்டை எங்கே, அதை எப்படி அடைப்பது என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

தொடங்கும் முன் கொஞ்சம் கணக்கு

எல்லாப் பொருளிலும் நேர்மின்னூட்டமும் எதிர்மின்னூட்டமும் ஏற்கெனவே நிறைந்திருக்கின்றன. இரண்டும் சம அளவில் இருப்பதால் வெளியே தெரிவதில்லை. இரு பொருள்களை அழுத்தித் தொடவிட்டுப் பிரித்தால், ஒன்றிலிருந்து சிறிது எதிர்மின்னூட்டம் மற்றதற்குப் போய்விடுகிறது. தேய்ப்பது எதற்கு என்றால், தொடும் இடங்களைப் பெருக்குவதற்கு. மின்னூட்டம் புதிதாகப் பிறப்பதில்லை, இடம் மாறுகிறது.

எவ்வளவு இடம் மாறுகிறது? கீழே நாம் செய்யப்போகும் கருவியில் 4 செ.மீ. நீளமும் அரை செ.மீ. அகலமும் உள்ள இரண்டு அலுமினிய இலைகள் இருக்கும். ஒவ்வொன்றும் 6 மில்லிகிராம் அளவுதான். அவற்றின் நுனிகள் 2 செ.மீ. விலக வேண்டுமானால் ஓர் இலையில் அரை நானோகூலூமுக்குச் சற்றே அதிகமான மின்னூட்டம் போதும் (கூலூம் மின்னூட்டத்தின் அலகு, நானோகூலூம் அதில் நூறு கோடியில் ஒரு பங்கு). எதிர்மின்னூட்டத்தைச் சுமக்கும் நுண்துகளான எலக்ட்ரான் ஒன்றின் மின்னூட்டம் 1.602 × 10⁻¹⁹ கூலூம். அப்படியானால் இலையில் கூடியவை ஏறத்தாழ 400 கோடி எலக்ட்ரான்கள். பெரிய எண்ணாகத் தெரியும். ஆனால் அந்த இலையில் ஏற்கெனவே உள்ள எலக்ட்ரான்களோடு ஒப்பிட்டால், 40,000 கோடிக்கு ஒன்று என்ற கணக்கில்தான் கூடியிருக்கிறது. நிலைமின்னியலில் நாம் பார்ப்பதெல்லாம் இந்த நுண்ணிய ஏற்றத்தாழ்வின் வேலை. சிறு கசிவுகூட ஏன் எல்லாவற்றையும் கெடுத்துவிடுகிறது என்பதும் இதிலிருந்தே புரியும்.

'நேர்', 'எதிர்' என்ற பெயர்கள் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1740களின் பிற்பகுதியில் வைத்தவை. எலக்ட்ரானை ஜே. ஜே. தாம்சன் அடையாளம் கண்டது 1897இல். ஃபிராங்க்ளின் வைத்த குறிப்படி எலக்ட்ரான் எதிர்ப்பக்கம் விழுந்துவிட்டது. அதனால்தான் எலக்ட்ரானைக் கூடுதலாகப் பெற்ற பொருளை 'எதிர்' என்கிறோம். தொடக்கத்தில் இது குழப்பும். பழகிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

முதல் சோதனை: செல்லோ டேப்

கருவி எதுவும் வேண்டாம். ஈரமான நாளிலும் ஓரளவு வேலை செய்யும் என்பதால் இதிலிருந்து தொடங்குவது நல்லது.

1. மேசைமேல் 15 செ.மீ. நீளத்தில் இரண்டு டேப்புகளைப் பக்கம் பக்கமாக ஒட்டி அழுத்தித் தேய்த்துவிடுங்கள். இவை அடித்தளம், கடைசிவரை அப்படியே இருக்கும். மேசைக்கு மேசை வார்னிஷும் மைக்காவும் மாறும். அடித்தளம் போட்டுவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

2. 12 செ.மீ. நீளத்தில் இன்னும் இரண்டு துண்டுகள் வெட்டி, முனையில் 1 செ.மீ. மடித்துப் பிடியாக்குங்கள். ஆளுக்கொரு அடித்தளத்தின்மேல் ஒட்டி, வெடுக்கென்று உரித்தெடுங்கள். பசையில்லாத முதுகுப் பக்கங்கள் எதிரெதிராக இருக்கும்படி நெருக்கினால் இரண்டும் விலகி ஓடும்.

3. புதிதாக இரண்டு துண்டுகள் எடுங்கள். ஒன்றை அடித்தளத்தின்மேல் ஒட்டிப் பிடியில் 'கீ' என்று எழுதுங்கள். அதன்மேலேயே மற்றதை ஒட்டி 'மே' என்று எழுதுங்கள். இரண்டையும் சேர்த்து மெதுவாக உரியுங்கள். இந்தச் சோடி உங்கள் கையை நோக்கி வளையும். முதுகுப் பக்கத்தை விரலால் இரண்டு மூன்று முறை நீவிவிட்டால் அது நின்றுவிடும். பிறகு 'மே'யையும் 'கீ'யையும் வேகமாகப் பிரியுங்கள். இப்போது இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும்.

இரண்டாம் படியில் இரு டேப்புகளுக்கும் நடந்தது ஒன்றே, ஆகவே மின்னூட்டமும் ஒரே வகை. மூன்றாம் படியில் ஒன்று இழந்ததை மற்றது பெற்றது. பிரித்த சோடியை மறுபடியும் ஒட்டிப் பாருங்கள். சேர்ந்த சோடி கையை அவ்வளவாக இழுக்காது. கூட்டினால் மீண்டும் பூச்சியம். மின்னூட்ட அழிவின்மை விதியை வீட்டில் பார்க்க இதைவிட எளிய வழி எங்களுக்குத் தெரியாது. மூன்றாம் படியில் நீவிவிடுவதைத் தவறவிட்டால் இரண்டு டேப்பிலும் அடித்தளத்திலிருந்து வந்த பழைய மின்னூட்டம் தங்கி, சில சமயம் இழுப்பதற்குப் பதில் தள்ளும். குழம்பிப்போகிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் தவறியிருப்பார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பிரித்த 'மே', 'கீ' இரண்டுமே உங்கள் வெறும் விரலை நோக்கி வளையும். விரலில் மின்னூட்டம் இல்லை. டேப்பின் மின்னூட்டம் விரலில் உள்ள மாறான வகையைத் தன் பக்கமாக இழுத்து, ஒத்த வகையைத் தள்ளிவைக்கிறது. தூரம் இரட்டித்தால் விசை நான்கில் ஒன்றாகும் என்று 1785இல் பிரெஞ்சு அறிவியலாளர் கூலூம் அளந்து காட்டினார். அதனால் கிட்டே வந்ததன் ஈர்ப்பு, தள்ளிப்போனதன் விலக்கத்தை வென்றுவிடுகிறது. ஆகவே இரு பொருள்கள் ஈர்ப்பதை மட்டும் வைத்து இரண்டிலும் மின்னூட்டம் உண்டு என்று சொல்லவே முடியாது. விலக்கம்தான் உறுதியான சான்று. இதை மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஈரம்

சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்கு முதல் எதிரி காற்றின் ஈரம். ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் கண்ணாடி, பிளாஸ்டிக் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிகிறது. கைரேகையில் உள்ள உப்பு அதில் கரைந்தால் அது மின்கடத்தும் பாதையாகிவிடும். மின்னூட்டம் காற்றில் கரைந்துபோகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். பெரும்பகுதி ஒழுகுவது இந்தப் படலத்தின் வழியாக.

தீர்வு சூடு. 25 டிகிரியில் 85 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை 40 டிகிரிக்குச் சூடாக்கினால், அதிலுள்ள நீராவி குறையாமலே ஈரப்பதம் 36 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும். ஹேர் டிரையரால் குழாய், துணி, புட்டி, மூடி எல்லாவற்றையும் ஒன்றிரண்டு நிமிடம் சூடாக்கினால் அடுத்த கால்மணி நேரத்துக்குக் கவலையில்லை. டிரையர் இல்லையா? வெயிலில் அரைமணி நேரம் வைத்தெடுத்து, உடனே செய்யுங்கள். மழை பெய்யும் காலைப்பொழுது வேண்டாம். வெயில் ஏறிய பிற்பகல் அல்லது ஏசி சற்று நேரம் ஓடிய அறை நல்லது. பிளாஸ்டிக்கைச் சோப்பு நீரில் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, முழுவதும் காயவைத்து, அதன் பிறகு ஓரத்தை மட்டும் பிடியுங்கள்.

நிலைமின்காட்டி

தேவை: பிளாஸ்டிக் மூடியுள்ள, 7 செ.மீ.க்குக் குறையாத அகலமுள்ள கண்ணாடி ஜாம் புட்டி. மின்வேலைக்கான ஒற்றைக் கம்பி 2.5 சதுர மி.மீ., 20 செ.மீ. நீளம், சமையலறை அலுமினியத் தாள், பிளாஸ்டிக் ஸ்ட்ரா, ஹாட் குளூ. தேய்ப்பதற்கு 40 செ.மீ. நீள பிவிசி தண்ணீர்க் குழாயும் கம்பளித் துணியும். கம்பளி கிடைக்காவிட்டால் உலர்ந்த டிஷ்யூ தாள் போதும்.

கம்பியின் மேலுறையை முழுவதும் உரித்துவிடுங்கள். மோட்டாருக்குச் சுற்றும் செப்புக் கம்பியை எடுத்தால் அதன்மேல் வார்னிஷ் இருக்கும், இலை தொங்கும் இடத்திலும் உச்சியிலும் சுரண்டியெடுக்க வேண்டும். கீழ்முனையைக் குறடால் சிறு கொக்கியாக வளையுங்கள். மேல்முனையில் அலுமினியத் தாளைக் கசக்கி 2 செ.மீ. உருண்டையாக அழுத்திச் செருகுங்கள். உருண்டையில் முனைகள் நீட்டிக்கொண்டிருந்தால் மின்னூட்டம் கூர்முனையில் குவிந்து காற்றில் கசியும். ஆகவே கரண்டியின் முதுகால் உருட்டி வழவழப்பாக்குங்கள். கம்பியின் வெட்டுமுனை உருண்டைக்குள் புதைந்திருக்க வேண்டும்.

மூடியில் துளையிட்டு, 4 செ.மீ. ஸ்ட்ராவைச் செருகி, அதனுள் கம்பியை விட்டு, ஹாட் குளூவால் இருபுறமும் அடையுங்கள். மூடி உலோகமாக இருந்தால் அதை விட்டுவிட்டு, தடித்த பிளாஸ்டிக் தட்டிலிருந்து வட்டமாக வெட்டிக்கொள்ளுங்கள். அட்டை, மரம், கார்க், கருப்பு ரப்பர் எதுவும் ஆகாது. கருப்பு ரப்பரில் பெரும்பாலும் கரித்தூள் கலந்திருக்கும். அட்டையும் மரமும் 230 வோல்ட்டுக்குக் காப்பான் மாதிரி நடந்துகொண்டாலும், இங்கே அவை கடத்திகள். கணக்கைப் பாருங்கள்: இந்தக் கருவியின் மின்தேக்குத்திறன், அதாவது ஒரு வோல்ட்டுக்கு அது பிடிக்கும் மின்னூட்டம், 5 பிகோஃபாரட் (ஃபாரட்டின் லட்சம் கோடியில் ஐந்து பங்கு) அளவில் இருக்கும். மின்னூட்டம் 100 நொடியாவது தங்க, காப்பின் மின்தடை 2 கோடி மெகாஓம் இருக்க வேண்டும். மூடியின் தடை 10,000 மெகாஓம்தான் என்றால், இருபதில் ஒரு நொடியில் பெரும்பகுதி போய்விடும். வீட்டு மல்டிமீட்டர் இந்த வித்தியாசத்தைக் காட்டவே காட்டாது, இரண்டையும் முடிவிலி என்றே சொல்லும்.

இதே பாடத்தை 1729இல் இங்கிலாந்தில் ஸ்டீபன் கிரே தற்செயலாகக் கற்றார். நீண்ட சணல் நூல் வழியே மின்னூட்டத்தை அனுப்ப, அந்த நூலைப் பட்டு நூல்களில் தாங்கிக் கட்டியிருந்தார். பட்டு மெல்லியது என்பதால்தான் மின்னூட்டம் ஒழுகவில்லை என்பது அவருடைய எண்ணம். பாரம் தாங்காமல் பட்டு அறுந்ததும், மெல்லிய பித்தளைக் கம்பியைக் கட்டினார். மின்னூட்டம் மறுமுனைக்குப் போகவே இல்லை. தடிமன் காரணமல்ல, பொருள்தான் காரணம் என்று அப்போது தெரிந்தது. சணல் நூல் கடத்தியாக வேலை செய்தது என்பதையும் பாருங்கள். பருத்தி நூலில் எதையாவது தொங்கவிட்டு மின்னூட்டம் தங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பட்டு இழை, அல்லது தூண்டில் நைலான் நரம்பு எடுங்கள்.

இனி இலைகள். தாளைக் கண்ணாடிமேல் வைத்து நகத்தின் முதுகால் நீவிச் சமமாக்கி, கூரிய பிளேடால் 4 செ.மீ. × 0.5 செ.மீ. அளவில் இரண்டு வெட்டுங்கள். மேல்முனையில் ஊசித்துளையைச் சற்றுப் பெரிதாக இட்டு, இரண்டையும் ஒரே கொக்கியில் தளர்வாகத் தொங்கவிடுங்கள். ஊதினால் ஊசலாட வேண்டும். சுருண்ட இலை, கொக்கியில் இறுகிய இலை, வெட்டும்போது ஓரம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட இலை: அசையாத கருவிகளைத் திறந்து பார்த்தால் இவற்றில் ஒன்றுதான் இருக்கும். இனிப்பின்மேல் ஒட்டும் வெள்ளித் தாள் இன்னும் பல மடங்கு மெல்லியது, நன்றாக விரியும். ஆனால் கைபட்டதும் ஒட்டிக் கிழியும். முதல் கருவிக்கு வேண்டாம். 1787 வாக்கில் ஆபிரகாம் பென்னட் தங்க இலையைத் தேர்ந்தெடுத்ததும் இந்த மெல்லிய தன்மைக்காகத்தான்.

மின்னூட்டும் இரண்டு வழிகள்

குழாயைக் கம்பளியால் ஒரே திசையில் பத்துமுறை இழுத்துத் தேய்த்தால் பிவிசி எதிர்மின்னூட்டம் பெறும். அதை உருண்டைக்கு 10 செ.மீ. அருகே கொண்டுபோனதும் இலைகள் விரியும். குழாயை எடுத்தால் சேர்ந்துவிடும். இது கருவியில் மின்னூட்டம் ஏறியதால் அல்ல. கருவிக்குள் இருந்த எலக்ட்ரான்கள் கீழே தள்ளப்பட்டு, மறுபடி மேலே வந்தன, அவ்வளவுதான்.

தொட்டு ஏற்ற வேண்டுமானால், குழாயை உருண்டைமேல் சும்மா வைத்தால் போதாது. பிவிசி காப்பான், தொட்ட புள்ளியிலுள்ள மின்னூட்டம் மட்டுமே இறங்கும். குழாயைத் திருப்பியபடி முழு நீளத்துக்கும் உருண்டைமேல் இழுங்கள். எடுத்த பிறகும் இலைகள் விரிந்தே நின்றால் வெற்றி. அவற்றில் இருப்பதும் எதிர்மின்னூட்டம்தான். அளவு மீறினால் இலை புட்டிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். உருண்டையை விரலால் தொட்டு இறக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

தூண்டி ஏற்றுவதில், அதாவது குழாய் தொடாமலே ஏற்றுவதில், வரிசைதான் எல்லாம்:

1. தேய்த்த குழாயை உருண்டைக்கு 5 செ.மீ. அருகில் அசையாமல் பிடியுங்கள். தொடக்கூடாது.
2. மறுகை விரலால் உருண்டையைத் தொடுங்கள். இலைகள் விழும். தள்ளப்பட்ட எலக்ட்ரான்கள் உங்கள் உடலுக்குள் போய்விட்டன.
3. முதலில் விரலை எடுங்கள்.
4. பிறகு குழாயை எடுங்கள். இலைகள் தாமாக விரியும்.

மூன்றும் நான்கும் இடம் மாறினால், போன எலக்ட்ரான்கள் விரல் வழியே திரும்பிவந்துவிடும், இலைகள் தொங்கியே கிடக்கும். சரியாகச் செய்தால் கருவியில் இப்போது இருப்பது நேர்மின்னூட்டம், குழாயிலிருப்பதற்கு எதிர்வகை. குழாயிலிருந்து ஒரு துளியும் செலவாகவில்லை.

நேர்மின்னூட்டம்தான் என்று எப்படி உறுதி செய்வது? குழாயை மறுபடி மெல்ல அருகே கொண்டுவந்தால் இலைகள் சுருங்கும். ஆனால் வெறும் கையைக் கொண்டுவந்தாலும் சற்றுச் சுருங்கும். எனவே சுருங்குவது சான்றாகாது. முன்பு சொன்ன அதே விதிதான்: விரிவு அதிகமானால் மட்டுமே ஒத்த வகை என்று உறுதியாகச் சொல்லலாம். கம்பளியின் தேய்த்த பகுதியை, டிரையர் காட்டி உலர்த்திய பின், பிளாஸ்டிக் குச்சியில் கட்டி, குழாயில் தேய்த்து அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். கம்பளி நேர்மின்னூட்டம் பெறுவதால் விரிவு கூடும். இன்னொரு எச்சரிக்கை: குழாயை வேகமாக மிக அருகே கொண்டுவந்தால் இலை சுருங்கி மறுபடி விரியும், சுருங்கிய கணத்தைத் தவறவிட்டு விரிவை மட்டும் பார்ப்பீர்கள். மெதுவாக, தூரத்திலிருந்து வாருங்கள்.

கருவி நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, இலைகளை 2 செ.மீ. விரியவிட்டு, 1 செ.மீ. ஆகும் நேரத்தை அளந்து குறித்துவையுங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் தாங்கினால் பயிற்சிக்குப் போதும். பத்து நொடிக்குள் விழுந்தால் மூடியை டிரையரால் சூடாக்கி மறுபடி அளந்து பாருங்கள். நேரம் கூடினால் ஈரம்தான் காரணம். கூடாவிட்டால் மூடியோ பசையோ சரியில்லை, மாற்றுங்கள்.

எலக்ட்ரோஃபோரஸ்: ஒருமுறை தேய்த்து, பலமுறை எடுப்பது

யோகான் வில்கே 1762இல் தொடங்கிவைத்து, வோல்ட்டா 1775இல் செம்மைப்படுத்திய இந்தக் கருவிக்கு ஒரு தெர்மாகோல் பலகையும், 20 செ.மீ. அகலமுள்ள, ஓரம் உருட்டிய அடிப்பரப்பு சமமான எவர்சில்வர் தட்டும் போதும். தட்டின் நடுவில் பிளாஸ்டிக் டம்ளரைக் கவிழ்த்து ஹாட் குளூவால் ஒட்டினால் கைப்பிடி ஆயிற்று.

தெர்மாகோலைக் கம்பளியால் ஒரு நிமிடம் தேயுங்கள், எதிர்மின்னூட்டம் ஏறும். கைப்பிடியைப் பிடித்துத் தட்டை அதன்மேல் வையுங்கள். தட்டை விரலால் ஒரு கணம் தொட்டுவிட்டு, கைப்பிடியால் தூக்குங்கள். இப்போது விரல் முட்டியை அருகே கொண்டுபோனால் 'டிக்' என்று பொறி பறக்கும். தட்டை மறுபடி வையுங்கள், தொடுங்கள், தூக்குங்கள்: மீண்டும் பொறி. தெர்மாகோலை மறுபடி தேய்க்காமலே பல முறை எடுக்கலாம். தெர்மாகோலும் தட்டும் உண்மையில் சில புள்ளிகளில் மட்டுமே தொடுகின்றன, காப்பானிலிருந்து மின்னூட்டம் நகர்ந்து வருவதும் இல்லை. எனவே இதுவும் தூண்டல்தான். பொறியின் ஆற்றல் எங்கிருந்து வருகிறது? நேர்மின்னூட்டமுள்ள தட்டை எதிர்மின்னூட்டமுள்ள பலகையிலிருந்து பிரித்துத் தூக்கும் உங்கள் கையிலிருந்து.

பழைய டெஸ்டர் ஒன்றிலிருந்து நியான் பல்பைக் கழற்றிக்கொண்டால் மின்னூட்டத்தின் வகையைக் கண்ணாலேயே பார்க்கலாம். அறையை இருட்டாக்குங்கள். பல்பின் ஒரு காலைக் கையில் பிடித்து, மறுகாலால் தட்டைத் தொடுங்கள். நியானில் எதிர்முனையைச் சுற்றித்தான் ஒளி தோன்றும். தட்டு பலகைமேல் இருக்கும்போது தொட்டால், எலக்ட்ரான்கள் தட்டிலிருந்து கைக்கு ஓடுகின்றன. தட்டுப் பக்க முனை மின்னும். தூக்கிய பிறகு தொட்டால் அவை கையிலிருந்து தட்டுக்குத் திரும்புகின்றன. கைப்பக்க முனை மின்னும். பிவிசி குழாயையும் கம்பளியையும் வைத்து மனக்கணக்கில் செய்த அனுமானத்தையெல்லாம் இந்த இரண்டு மினுக்கல்கள் நேரில் காட்டிவிடும்.

பொறி வரவில்லை என்றால் முதலில் கைப்பிடியைச் சந்தேகியுங்கள், அதன் அடியில் ஈரமோ கைரேகையோ இருக்கும். அடுத்தது தட்டின் ஓரம். அலுமினியத் தாள் சுற்றிய அட்டையைத் தட்டாக வைத்தால், ஓரத்துச் சுருக்கங்களின் முனைகளில் மின்னூட்டம் கசிந்துவிடும்.

எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு வேண்டாம்

உலர்ந்த காற்றில் ஒரு மி.மீ. பொறிக்கு 3,000 வோல்ட் அளவு வேண்டும். ஆகவே 5 மி.மீ. பொறி என்றால் 15,000 வோல்ட். எண் பயமுறுத்தினாலும், அந்தத் தட்டில் சேரும் ஆற்றல் ஒரு மில்லிஜூலுக்கும் குறைவு. சுருக்கென்று குத்தும், அவ்வளவுதான். ஆனால் பெட்ரோல் ஆவியையோ சமையல் எரிவாயுவையோ பற்றவைக்கக் கால் மில்லிஜூல் போதும். அதனால் அடுப்படி, பெட்ரோல், சானிட்டைசர், ஸ்பிரிட் அருகில் இந்தச் சோதனைகள் கூடவே கூடாது. இதயமுடுக்கி பொருத்தியவர்கள் பொறிச் சோதனையில் தள்ளியிருக்க வேண்டும். திறந்த கணினிப் பலகை, மெமரி சிப் போன்றவற்றையும் மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள். நம் உடல் உணரத் தொடங்குவது 3,000 வோல்ட் அளவில். சில சிப்புகள் சில நூறு வோல்ட்டிலேயே கெட்டுவிடும், கெட்டது நமக்குத் தெரியவும் தெரியாது.

உள்ளும் புறமும் அலுமினியத் தாள் ஒட்டிய புட்டியான லெய்டன் ஜாடி செய்யும் ஆசை அடுத்ததாக வரும். எலக்ட்ரோஃபோரஸின் பொறிகளை அதில் சேர்த்துவைக்கலாம். மருந்துக் கடையில் கிடைக்கும் சிறிய மாத்திரைப் புட்டி அளவோடு நிறுத்துங்கள். உள்ளும் புறமும் தாள் ஒட்டிய ஒரு லிட்டர் புட்டியில் 1,000 பிகோஃபாரட் வந்துவிடலாம். 15,000 வோல்ட்டில் அது பத்தில் ஒரு ஜூலுக்கு மேல். தட்டின் பொறியைப்போல் நூறு மடங்குக்கும் அதிகம், கையை உதறித் தள்ளும். எந்த ஜாடியானாலும், பிளாஸ்டிக் பிடியுள்ள கம்பியின் ஒரு முனையை வெளித்தாளில் முதலில் வைத்து, மறுமுனையை உச்சிக் குமிழுக்குக் கொண்டுபோய் இறக்குங்கள். சில நொடி விட்டு மறுபடியும் ஒருமுறை இறக்குங்கள். முதல் பொறியில் எல்லாம் வெளியேறிவிடாது. புட்டியின் சுவரில் தங்கியது மெல்லத் திரும்பிவரும்.